பீச், கோரல் சீசனில் வேலையைப் பிடிப்பது எப்படி? புத்தூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பங்குனி பிறந்தால் போதும், உலகத்து மேக்கப் கம்பனிகள் எல்லாம் பீச், கோரல் என்று இறங்கிவிடும். லிப்ஸ்ரிக், பிளஷ், ஐ ஷடோ, நகப்பூச்சு என்று எதை எடுத்தாலும் செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம்தான். நிறங்களுக்கு இலக்கம் கொடுக்கும் பான்ரோன் நிறுவனம் 2019-இல் 'லிவிங் கோரல்' நிறத்தையும் 2024-இல் 'பீச் ஃபஸ்' நிறத்தையும் ஆண்டின் நிறமாக அறிவித்தது. அன்றிலிருந்து இந்த இரண்டு நிறங்களும் போனை விட்டு இறங்கவில்லை. இன்று புத்தூர்ச் சந்தியில் பருத்தித்துறை பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையின் கையில் இருக்கும் வீடியோவிலும் அதே நிறம்தான் ஓடுகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிறங்கள் பனி உருகும் நாட்டின் வசந்தத்துக்குச் செய்தவை. அங்கே வெயில் மெல்லியது, தோல் வெளிறியது. நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்கரைக்கு மேல் உச்சம் கொடுக்கத் தொடங்கும் சூரியன், புத்தாண்டு பிறக்கிற நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும். ஆண்டிலேயே மேக்கப்புக்கு மிகக் கடினமான வெயில் அது. அந்த வெயில் முடிய முதலே கலியாணச் சீசன் தொடங்கிவிடும்.

பியூட்டி பார்லரில் உதவியாளராக நிற்கிறவர், வீட்டு முன் அறையில் சொந்தமாகத் தொடங்கியவர், முதல் இன்ரர்வியூவுக்குப் போக இருப்பவர் ஆகிய மூவருக்கும் இதில் சந்தர்ப்பம் இருக்கிறது. கஸ்ரமர் போனை நீட்டி "இந்தக் கலர்தான் வேணும்" என்பார். "உங்களுக்கு அது சரிவராது" என்று சொல்கிறவர் அந்த ஓடரை இழப்பார். அதே ஷேட்டை அப்படியே பூசிவிடுகிறவர் அடுத்த ஓடரை இழப்பார். அந்த நிறத்தை இந்த முகத்துக்கும் இந்த வெயிலுக்கும் ஏற்ப மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவருக்குத்தான் அக்கா கலியாணம் முடிந்து தங்கச்சி கலியாணத்துக்கும் போன் வரும். இது பயிற்சியால் வருகிற வேலைத்திறன். எப்படிப் பழகுவது என்று பார்ப்போம்.

1. முகத்தை விறாந்தையில் வைத்துப் படியுங்கள்

அறைக்குள் ரியூப் லைட்டின் கீழ் ஷேட் தெரிவு செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். மஞ்சள் பல்ப் பீச் நிறத்தை அழகாகக் காட்டி ஏமாற்றும். மலிவான வெள்ளை எல்.ஈ.டி. அதே பீச்சைச் செத்த நிறமாக்கும். கதிரையைத் தூக்கி விறாந்தையில் போடுங்கள். நேர் வெயில் படாத, நல்ல பகல் வெளிச்சம் இருந்தால் போதும். கஸ்ரமரின் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துவாய் ஒன்றைப் போடுங்கள். அவர் உடுத்திருக்கும் பச்சைச் சட்டையோ சிவப்புச் சாறியோ நாடிக்குக் கீழே நிறத்தை வீசி உங்கள் கண்ணைக் குழப்பும்.

அடுத்தது அண்டர்ரோன். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. வெளிறிய தோலில் அது ஓரளவு வேலை செய்யும். மாநிறத்துக்கு மேல் போனால் நம்ப முடியாது. பவுண்டேசன் மூன்று ஷேட்டை எடுத்து, தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும்படி மூன்று கோடு போடுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். பல பவுண்டேசன்கள் காற்றும் தோல் எண்ணெயும் பட்டதும் ஒரு படி கறுக்கும். அந்த நிறம்தான் உண்மையான நிறம். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறதோ அதுவே அவருடைய ஷேட்.

நம்மவரிடம் மூன்று சாயல்கள் அதிகம் தெரியும். மஞ்சள் சாயல், செம்புச் சாயல், பச்சை கலந்த ஒலிவ் சாயல். மஞ்சள் சாயலுக்குச் செம்மஞ்சள் தூக்கலான பீச், கோரல் இரண்டும் ஒட்டும். செம்புச் சாயலுக்குச் சிவப்பு கூடிய கோரல் நல்லது. ஒலிவ் சாயல்தான் தொல்லை. பால் கலந்த பீச் அதில் சாம்பல் பூத்ததுபோல நிற்கும், சுத்தச் செம்மஞ்சள் துருத்திக்கொண்டு நிற்கும். அவர்களுக்கு இளஞ்சிவப்பும் மண்ணிறமும் சேர்ந்த கோரலைக் கொடுங்கள்.

வகுப்புகளில் ஃபிற்ஸ்பற்றிக் வகைப்பாடு என்று ஒன்று சொல்லித்தருவார்கள். 1975-இல் வந்தது. தோல் வெயிலில் எரிகிறதா, கறுக்கிறதா என்பதைப் பற்றியது அது. அண்டர்ரோன் பார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

புத்தூர், நவக்கிரி, ஆவரங்கால் பக்கம் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டியில் ஓடித் திரிகிற பிள்ளைக்கும் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிற பெண்ணுக்கும் நெற்றி, மூக்கு, கன்னமேடு கறுத்திருக்கும். கழுத்தும் காதடியும் வெளுத்திருக்கும். கன்னத்தைப் பார்த்து மட்டும் ஷேட் எடுத்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பொருந்துகிற பவுண்டேசனை எடுத்து, அதன்மேல் கோரலைக் கன்னத்தில் வையுங்கள். வெயிலில் கறுத்த கன்னத்தின் மேல் நேரடியாகப் பீச் வைத்தால் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று நீங்கள் இன்னும் இன்னும் பூசுவீர்கள். கெடுவது அங்கேதான்.

2. ஷேட்டின் பெயரை விடுங்கள், ஆழத்தைப் பாருங்கள்

பீச் நிறம் எப்படி வருகிறது? செம்மஞ்சளுக்குள் வெள்ளை கலந்து, ஒரு துளி இளஞ்சிவப்பு விட்டால் பீச். வெள்ளையைக் குறைத்து இளஞ்சிவப்பைக் கூட்டினால் கோரல். மேக்கப்பில் அந்த வெள்ளை பெரும்பாலும் டைற்றேனியம் டையொக்சைட். பெட்டியின் பின்பக்கத்தில் சி.ஐ. 77891 என்று எழுதியிருப்பது அதுதான். மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்த தோற்றத்தைக் கொடுப்பதும் அதுதான். சிவப்பு இரும்பு ஒக்சைட் சி.ஐ. 77491. கடையில் இரண்டு பீச் பிளஷ் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் முன்கையின் உட்புறத்தில் இரண்டையும் தேயுங்கள். ஒன்று மாவாக மேலே நிற்கும்; மற்றது தோலுக்குள் நிறமாக இறங்கும். இறங்குவதை வாங்குங்கள்.

ஆழத்தை மூன்று படியாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தோலுக்குப் பெட்டியில் வருகிற சாதாரண பீச் போதும். மாநிறத்துக்குப் பப்பாப்பழச் சதையின் நிறம், செவ்விளநீர்க் கோம்பையின் நிறம். கறுத்த தோலுக்கு இன்னும் இறங்கிப் புதுச் செங்கல்லின் நிறம் வரை போக வேண்டும். 'பேர்ன்ற் கோரல்', 'ரெறகோற்றா' என்ற பெயர்களில் கடையில் கிடைப்பவை அவை. கறுத்த முகத்தில் செங்கல் நிறப் பிளஷ் போட்டால், தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது பீச்சாகத்தான் தெரியும். இதை நம்பாமல் பயப்படுகிற புதிய ஆர்ட்டிஸ்ற் நிறையப் பேர். ஒருமுறை செய்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்கள். பயம் போய்விடும்.

உலகச் சந்தையே இதைக் கற்றுக்கொள்ளக் காலம் எடுத்தது. 2017 செப்டெம்பரில் ஃபென்ரி பியூட்டி ஒரே நேரத்தில் 40 பவுண்டேசன் ஷேட்டோடு வந்த பிறகுதான் பல பெரிய கம்பனிகள் கறுத்த தோலுக்கான வரிசையை அவசரமாக நீட்டின. ஆனாலும் நம் ஊர்க் கடைத் தட்டில் இன்றும் வெளிறிய ஷேட்டுகளே அதிகம். கடைக்காரர் வைத்திருப்பது ஒரு பொருட்டல்ல, முகத்துக்குத் தேவையானதைத் தேடுங்கள்.

பீச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தில் நீலச் சாயல் இருக்கும். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிர் நிறம் செம்மஞ்சள். எனவே வெள்ளைத் தோலுக்குப் பீச் கறெக்ரரும் கறுத்த தோலுக்குச் செம்மஞ்சள் கறெக்ரரும் மெல்லிதாய் வைத்து, அதற்கு மேல் கன்சீலர் போடுங்கள். கன்சீலரை மட்டும் அள்ளிப் பூசினால் கண்ணடி சாம்பலாகும்.

3. கிற்றை நிரப்பாதீர்கள், கலக்கப் பழகுங்கள்

2022 ஓகஸ்டில் அரசாங்கம் முந்நூறுக்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியபோது அழகுசாதனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. டொலர் விலை ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஷேட்டுக்கும் ஒரு குப்பி என்று கிற் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். நான்கு நிறத்தை வைத்துக்கொண்டு கலக்கத் தெரிந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

உங்களுக்குத் தேவையானவை கிறீம் வடிவில் சிவப்பு, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, மண்ணிறம். மிகக் கொஞ்சம் வெள்ளை. ஒரு ஸ்ரீல் தட்டு, ஒரு ஸ்பற்றுலா. செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் சமபங்கு சேர்ந்தால் கோரல். ஒரு துளி மண்ணிறம் சேர்த்தால் அதுவே மாநிறத்துக்கானது; சிவப்பும் மண்ணிறமும் கூட்டினால் கறுத்த தோலுக்கானது. வெள்ளையைக் கடைசியில், குச்சி நுனியால் மட்டும் தொடுங்கள். கிறீம் என்பதால் ஒரே கலவை கன்னத்துக்கும் சொண்டுக்கும் கண்மடலுக்கும் ஓடும். மூன்று இடத்திலும் ஒரே நிறக்குடும்பம் வருவதால் முகம் திட்டமிட்டுச் செய்ததுபோல இருக்கும்.

லிப்ஸ்ரிக்கைக் குச்சியிலிருந்து நேராகக் கஸ்ரமரின் சொண்டில் தேய்க்காதீர்கள். வழித்தெடுத்துத் தட்டில் வைத்து, பிறஷ்ஷால் பூசுங்கள். சுத்தம் தெரிகிற ஆர்ட்டிஸ்ற்றை அம்மாமார் உடனே கவனிப்பார்கள். ஊருக்குள் உங்கள் பெயரைக் கொண்டுபோவது அவர்கள்தான். பெட்டியின் பின்னால் திறந்த டப்பா படத்துக்குள் '12 எம்' என்று போட்டிருந்தால் திறந்து 12 மாதம் வரை பாவிக்கலாம் என்று அர்த்தம். திறந்த திகதியை அடியில் ஒட்டிவையுங்கள். இன்னொன்று: சித்திரை வெயிலில் ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே கிற்றை வைத்துக்கொண்டு போகாதீர்கள். லிப்ஸ்ரிக் மெழுகு. உருகினால் மீண்டும் இறுகும், ஆனால் பழைய வழுவழுப்பு வராது.

4. சொண்டைத் தனியாகக் கவனியுங்கள்

கோரல் லிப்ஸ்ரிக் தோற்கிற இடம் சொண்டு. நம்மில் பலருக்கு மேல்சொண்டு கருமை, கீழ்ச்சொண்டின் நடு இளஞ்சிவப்பு. அதன்மேல் கோரலைப் பூசினால் மேலே மண்ணிறம், கீழே செம்மஞ்சள் என்று இரண்டு நிறம் தெரியும். முதலில் கன்சீலரை மிக மெல்லிதாகத் தட்டிச் சொண்டை ஒரே நிறமாக்குங்கள். பிறகு மண்ணிறப் பென்சிலால் ஓரம் கீறி, உள்நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். நடுவில் மட்டும் கோரல். வெற்றிலை போடும் அம்மம்மாவுக்கும் இதே முறைதான், பென்சிலை மட்டும் இன்னும் சிவப்பாக எடுங்கள்.

பல்லையும் பாருங்கள். மஞ்சள் பற்றிய பல்லைச் செம்மஞ்சள் கூடிய கோரல் இன்னும் மஞ்சளாகக் காட்டும். இளஞ்சிவப்பு கூடியது அதை மறைக்கும். கஸ்ரமரிடம் இதை வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஷேட்டை மாற்றிவிட்டால் சரி.

5. வியர்வைக்கும் சோழகத்துக்கும் ஏற்ற பூச்சு

வைகாசியிலிருந்து சோழகம் வீசும். புத்தூரின் செம்மண் தூசி எங்கே போனாலும் கூட வரும். பளபளக்கும் லிப் குளொஸ் போட்ட சொண்டில் அந்தத் தூசியும் தலைமயிரும் ஒட்டிக்கொள்ளும். மற், சற்றின் வகைகளே நமக்குப் பொருந்தும்.

கன்னத்தில் முதலில் கிறீம் பிளஷ்ஷை விரலால் தட்டி, அதன்மேல் அதே நிறத்துப் பவுடர் பிளஷ்ஷை மெல்லிதாக வையுங்கள். வியர்வையில் மேல்படை போனாலும் அடிப்படை நிற்கும். பிளஷ்ஷை மூக்கருகே கொண்டு வராதீர்கள். முதலில் வியர்ப்பது மூக்கும் மேல்சொண்டும்தான்; அங்கே செம்மஞ்சள் கரைந்தால் முகம் அழுக்காகத் தெரியும். கஸ்ரமரிடம் ஒற்றுத் தாள் இரண்டைக் கொடுத்து, "துடைக்க வேண்டாம், ஒற்றுங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.

சன்ஸ்கிறீன் தேவைதான். ஆனால் டைற்றேனியம் டையொக்சைட், சிங்க் ஒக்சைட் கூடிய சன்ஸ்கிறீனுக்கு மேல் பிளாஷ் அடித்தால் படத்தில் முகம் வெள்ளையாக எழும்பும். இரவு நிகழ்ச்சிக்கு அதைத் தவிருங்கள். வேலை முடிந்ததும் உங்கள் போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

6. கலியாண வீடு: ஒரு முகம், இரண்டு சாறி

நம் ஊர்க் கலியாணத்தில் பொம்பிளை ஒரு சாறியோடு மணவறைக்கு வருவார். கன்னிகாதானம் முடிந்து மாப்பிளை வீட்டார் கூறைச்சேலை கொடுத்ததும், உள்ளே போய் அதை உடுத்திக்கொண்டு வருவார். அதன் பிறகே தாலி. சாறி மாற்றக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. ஐயர் கூப்பிடுவார், வீடியோக்காரர் கூப்பிடுவார், மாமிமார் கதவைத் தட்டுவார்கள். அந்த நேரத்துக்குள் மேக்கப்பையும் மாற்றலாம் என்று நினைக்கிறவர் அன்றைக்கே பெயரைக் கெடுத்துக்கொள்வார்.

இப்போது பலர் முதல் சாறியைப் பீச், கோரல், வெளிர் ரோஸ் போன்ற நிறங்களில் எடுக்கிறார்கள். கூறை பெரும்பாலும் சிவப்பு, அரக்கு, கரை நிறைந்த சரிகை. பீச் சாறியோடு வடிவாக இருந்த பீச் சொண்டு, சிவப்புக் கூறைக்கு மேலே வந்ததும் நிறமே இல்லாமல் வெளிறும். சிவப்புத் துணி பக்கத்தில் இருந்தால் கண் மற்ற எல்லாவற்றையும் மங்கலாக எடுத்துக்கொள்ளும். எனவே முகத்தை முதலிலேயே கூறைக்குச் செய்யுங்கள். கண்ணையும் கன்னத்தையும் ஆழமான கோரலில் முடித்துவிடுங்கள். முதல் சாறிக்குச் சொண்டில் மட்டும் இளம் கோரல். சாறி மாற்றும்போது அதே சொண்டின் மேல் சிவப்புக் கோரலை ஒரு படை, ஓரத்துக்குப் பென்சில் ஒரு கீறு. ஒரு நிமிட வேலை. இதற்கான இரண்டு லிப்ஸ்ரிக்கையும் பென்சிலையும் தனிப் பையில் போட்டு உங்கள் இடுப்பிலேயே வைத்திருங்கள்.

தங்க நகை முகத்துக்கு மஞ்சள் வெளிச்சம் வீசும். அட்டியல், பதக்கம், நெற்றிப்பட்டம் எல்லாம் போட்ட பிறகு ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். நகைக்கு முன் சரியாக இருந்த செம்மஞ்சள் இப்போது கூடிவிட்டதாகத் தெரிந்தால் கன்னத்தில் ஒரு துளி இளஞ்சிவப்புத் தட்டுங்கள். ஓமப்புகையில் கண் கலங்கும், தாலி ஏறும்போது அழுகை வரும், பிறகு வகிட்டில் குங்குமம் ஏறும். கண்ணுக்குக் கீழே பவுடர் கனத்திருந்தால் கோடு விழும். குங்குமச் சிவப்பையும் மனதில் வைத்தே பொட்டையும் சொண்டையும் தெரிவு செய்யுங்கள். மூன்றும் மூன்று வகைச் சிவப்பாக இருந்தால் படத்தில் கண்ணைக் குத்தும்.

காலையில் பாலறுகு வைத்து முழுகிய தலையோடுதான் பொம்பிளை உங்களிடம் வருவார். தலைமயிர் காயாமல் நெற்றியில் பவுண்டேசன் வைக்காதீர்கள். இதற்காக ஒரு மணித்தியாலம் கூடக் கேட்டு வாங்குங்கள். "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்பதோடு நிறுத்தாமல் "முழுக்கு எத்தனை மணிக்கு?" என்றும் கேட்கிறவர்தான் அனுபவசாலி.

சாமத்திய வீடு வேறு கணக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தோலுக்குக் கனமான பவுண்டேசன் தேவையில்லை. பீச் இந்த வயதுக்காகவே அமைந்த நிறம். மெல்லிய கிறீம் பீச் கன்னத்தில், அதுவே சொண்டில். காதுக்குப் பின்னால் ஒரு நாள் முன்னதாகப் பூசிப் பார்த்து, அரிப்பு, தடிப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே முகத்தில் கை வையுங்கள். தாய் "இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்கோ" என்றால், "அன்ரி, படத்தில பிள்ளை பிள்ளையாத் தெரியட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இந்த ஒரு வசனம் எனக்குத் தெரிந்து ஒருபோதும் தோற்றதில்லை.

7. வெளிநாட்டிலிருந்து வருகிற பொம்பிளை

ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பவுண்டேசனோடும் பிளஷ்ஷோடும் வருவார்கள். அங்கே குளிர்காலத்து முகத்துக்கு வாங்கியவை அவை. இங்கே வந்து நாலு கோயிலுக்கும் சொந்தக்கார வீடுகளுக்கும் போய்வர முகம் ஒரு படி கறுத்துவிடும். கொண்டுவந்த பவுண்டேசன் வெளிறும், பீச் பிளஷ் மாவாக நிற்கும். ஆகவே வந்து இறங்கிய அன்றே ட்ரையல் வைக்காதீர்கள். நாலைந்து நாள் கழித்து, கலியாணத்துக்குக் கிட்டவாக வையுங்கள்.

வீடியோ கோலில் முன்கூட்டியே பார்க்கக் கேட்பார்கள். பாருங்கள். ஆனால் அழகுபடுத்தும் பில்டரை நிறுத்தி, யன்னலுக்கு முகம் காட்டி, ஒரு வெள்ளைக் கடதாசியைக் கன்னத்தருகே பிடிக்கச் சொல்லுங்கள். கடதாசி மஞ்சளாகத் தெரிந்தால் போன் பொய் சொல்கிறது என்று தெரிந்துகொள்வீர்கள். ட்ரையலுக்குத் தனிக் காசு. முதல் செய்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் இருக்கும் நாட்டில் அது வழக்கம்தான். கேட்கக் கூச்சப்படுகிறவர் நீங்கள் மட்டுமே.

8. உங்கள் முகமும் உங்கள் சீவியும்

வங்கி, காப்புறுதி, தனியார் பாடசாலை, ஹொட்டேல் வரவேற்பு என்று எந்த இன்ரர்வியூவாக இருந்தாலும் உங்களோடு அதே தகைமையோடு வேறு பலரும் வரிசையில் இருப்பார்கள். பேசத் தொடங்க முதலே உங்களைப் பற்றி ஒரு எண்ணம் இன்ரர்வியூ செய்கிறவர்களுக்கு வந்துவிடும். அது நியாயமா என்பது வேறு கேள்வி. அந்த எண்ணத்தை உங்கள் பக்கம் திருப்புவதே இன்றைய வேலை.

இன்ரர்வியூவுக்குக் கோரல் நல்ல தெரிவு. சிவப்பின் அதிரடி இல்லை, நியூட் ஷேட்டின் சோர்வும் இல்லை. உங்கள் சொண்டின் இயற்கை நிறத்தைவிட ஒரே ஒரு படி ஆழமான, மண்ணிறம் கலந்த கோரலை மற் பூச்சில் எடுங்கள். கன்னத்தில் அதே நிறம், கண்ணில் மை மட்டும். மினுக்கம் வேண்டாம். பீச் சாறியோ பீச் சட்டையோ உடுத்தால் சொண்டை இன்னும் ஆழமாக்குங்கள். துணியும் முகமும் ஒரே வெளிர் நிறமானால் ஆள் மங்கிப்போவார். யாழ்ப்பாண ரவுணுக்கு பஸ்ஸில் போவதென்றால் புறப்படும்போது முழுதாகப் பூசாதீர்கள். கோப்பாய், இருபாலை தாண்டுவதற்குள் பாதி வியர்வையில் போய்விடும். இறங்கிய பிறகு முகத்தை ஒற்றி, சொண்டைப் பூசிக்கொண்டு உள்ளே போங்கள்.

சாப்பாட்டுத் தயாரிப்பு, ஆஸ்பத்திரி வேலைகளுக்கு நகப்பூச்சே வேண்டாம். பார்லர் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் எதிர்மாறு: உங்கள் முகம்தான் உங்கள் சீவி. முதலாளி முதலில் பார்ப்பது உங்கள் கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் பொருந்துகிறதா என்பதைத்தான்.

9. வெள்ளையாக்கச் சொல்கிறவரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்

"எவ்வளவு காசெண்டாலும் பரவாயில்ல, பிள்ளையை வெள்ளையாக்கி விடுங்கோ." எந்தப் பார்லரிலும் கேட்கிற வசனம். பவுண்டேசனை இரண்டு படி வெளிறவைத்து, அதன்மேல் வெளிர் பீச்சைப் பூசி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கையும் கழுத்தும் ஒரு நிறம், முகம் வேறு நிறம். அந்த அல்பம் முப்பது வருடம் அந்த வீட்டில் இருக்கும்.

அதைவிட மோசமானது கிறீம். பெயர் ஊர் தெரியாத, பொருட்பட்டியல் அச்சிடாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமும் ஸ்ரெரொய்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஸ்ரெரொய்ட் தோலை மெல்லிதாக்கி, கன்னத்தில் சிவப்பு நரம்புகளை எழுப்பும். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025-உடன் நிறுத்தத் தீர்மானித்தன. அப்படியான கிறீமை விற்று வருகிற லாபம் உங்களுக்கு வேண்டாம். ஒரு பிள்ளையின் முகம் எரிந்தால் ஊர் உங்களை மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது.

கிறீம் பாவித்துச் சிவந்த கன்னத்தோடு ஒருவர் வந்தால் பீச், கோரல் இரண்டையும் அன்றைக்கு விடுங்கள். சிவப்பின் மேல் செம்மஞ்சள் போனால் எரிகாயம்போலத் தெரியும். கிறீமை நிறுத்தித் தோல் வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு நாள் இருந்தால் அதற்குள் தோல் தேறவும் கூடும்.

நிறத்தைப் பற்றிக் கேட்கிற தாயிடம் வாதாடாதீர்கள். கண்ணாடியைக் கொடுங்கள். ஒரு கன்னத்தில் அவர் கேட்ட வெளிர் பீச், மறு கன்னத்தில் நீங்கள் கலந்த செங்கல் கோரல். விறாந்தையில் வைத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு பேச்சே இருக்காது. பொம்பிளை தானே கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்.

10. காசு, படம், பெயர்

கணக்கை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ட்ரையல், இரண்டாவது சாறி, பயணச் செலவு, கூட வருகிற சித்தி, மாமிக்கான மேக்கப் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் வரி வரியாக எழுதி அனுப்பி, அட்வான்ஸ் வாங்குங்கள்.

படம் போட முதல் எழுத்தில் சம்மதம் கேளுங்கள். நம் வீடுகளில் பொம்பிளையின் படம் பொதுவில் வருவதை எல்லோரும் விரும்புவதில்லை. முகம் வேண்டாம் என்றால் சொண்டையும் கன்னத்தையும் மட்டும் கிட்ட எடுத்துப் போடலாம். உங்கள் திறமை அதிலேயே தெரியும். பில்டர் போட்ட படம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும், ஏனென்றால் அடுத்த கஸ்ரமர் அந்த பில்டரைத்தான் கேட்பார். கறுத்த தோலில் நீங்கள் செய்த கோரலை முதலில் போடுங்கள். போட்டியாளர் பலரின் பக்கத்தில் அது இருக்காது.

11. கையில் ஒரு பத்திரம்

இலங்கையில் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வீ.கியூ., ஏழு மட்டங்களாக இருக்கிறது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். அழகுக்கலைக்கும் இந்தத் தகைமை உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். பல வருடமாகப் பொம்பிளை வெளிக்கிடுத்திக்கொண்டு, ஒரு வகுப்புக்கும் போகாமல் இருப்பவருக்கும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் உங்கள் அனுபவத்தை மதிப்பிட்டு, செய்முறைப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருவார்கள். நீங்கள் செய்த வேலைகளின் படங்களையும் திகதிகளையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்; மதிப்பீட்டுக்கு அவை கைகொடுக்கும். சொந்த நிலையத்துக்குக் கடன் கேட்கும்போதும் வெளிநாட்டில் வேலை தேடும்போதும் மேசையில் வைக்க உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும்.

வைகாசி ஓடர்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கிழமையே வெள்ளை, மாநிறம், கறுப்பு என்று மூன்று தோழிகளைக் கூப்பிட்டு விறாந்தையில் இருத்துங்கள். நான்கு நிறத்தைத் தட்டில் கலந்து, மூவருக்கும் மூன்று கோரல் செய்யுங்கள். பிறகு விலைப்பட்டியலை எழுதி, உங்களுக்குத் தெரிந்த எல்லா அம்மாமாருக்கும் அனுப்புங்கள்.